குசினி மூலையில் இருந்த கால்

லினோ என்னும் ரப்பர் போன்ற தகட்டிலும் மரப்பலகையிலும் செதுக்கி, மை உருட்டி, காகிதத்தில் அச்செடுப்பது என் தொழில். படிப்பித்துக் கிடைப்பதில் சோறு தின்று, மிச்ச நேரத்தில் ஊரூராகப் போகிறேன். முரசுமோட்டை, செட்டிகுளம், முல்லைத்தீவு என்று போகிற இடங்களில் ஆட்கள் தங்களிடம் மிஞ்சிய பொருள் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து அதன் கதையைச் சொல்வார்கள். நான் அதை அச்சாக்கிக் கொடுப்பேன். முல்லைத்தீவில் ஒரு முஸ்லிம் வியாபாரி தன் கடைத் தராசின் ஒற்றைத் தட்டைக் கொண்டுவந்தார். மற்றத் தட்டு, இடம்பெயர்ந்து போய் இருந்த புத்தளத்தில் தொலைந்ததாம். செட்டிகுளத்தில் ஒரு அம்மா, மலைநாட்டிலிருந்து தன் தாய் இடுப்பில் செருகிக்கொண்டு வந்த கவ்வாத்துக் கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். தேயிலைச் செடி வெட்டிய கத்தி. இப்போது அதில்தான் கீரை அரிகிறாராம்.

கதை முடிந்ததும் எல்லோரும் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான். "நீங்கள் என்னத்தை வைச்சிருக்கிறீங்கள், தங்கச்சி?"

அப்போது நான் எடுத்த முதல் அச்சைப் பற்றிச் சொல்வேன். வெள்ளைத் துணியில் கரியால் பதிந்த ஒரு சின்னப் பிள்ளையின் பாதம். உண்மையில் அது இடது பாதம். அச்சில் எல்லாம் இடம் வலம் மாறி விழுவதால் துணியில் வலது பாதம் போலத் தெரியும். அதன் கதையை நான் பல வருடங்கள் பிழையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போருக்குத் தப்பி வந்து செட்டிகுளம் அகதி முகாமில் இருந்தபோது எனக்கு ஆறு வயது. மத்தியான வெயிலில் கூடாரத்துக்குள் இருக்க முடியாது. தண்ணீர்த் தாங்கியின் நிழலில் இடம் கிடைத்தால் அங்கே போய் இருப்போம். பொழுது போவதற்காக அப்பா ஒரு ஈர்க்கினால் மணலில் எங்கள் வட்டக்கச்சி வீட்டைக் கீறுவார். இது வாசல், இது அறை, இது அம்மா சமைக்கிற குசினி, இது கிணற்றுக்குப் போகிற வழி. எனக்கு அந்த வீட்டில் கிணற்றடிக் கொய்யா மரம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அதனால் அப்பா கீறுவதெல்லாம் எனக்குப் புதிய செய்தி. நான் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்பேன்.

ஒரு நாள் குசினியின் மூலையில் ஒரு புள்ளி வைத்து, "இதில ஒரு குட்டிக் கால் அடையாளம் இருக்கு. சீமெந்து காயமுன்னம் வைச்ச கால்" என்றார்.

"என்ர காலோ அப்பா?"

அப்பா ஈர்க்கை எடுக்காமல் அந்தப் புள்ளியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகு நின்றது.

"ஓம்" என்றார் அப்பா.

கொஞ்ச நேரத்தில் சுளகு மறுபடி ஆடத் தொடங்கியது. நான் எழுந்து ஓடிப்போய், பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகளிடம் எங்கள் வீட்டில் என் கால் இருக்கிறது என்று சொன்னேன். அவர்களுடைய வீடுகளில் அப்படி எதுவும் இல்லை என்பதில் எனக்கு மிகவும் சந்தோஷம்.

முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிப் போனபோது வீடு இல்லை. கூரையும் சுவர்களும் போய், பற்றைக்குள் சீமெந்து நிலம் மட்டும் கிடந்தது. அப்பாவும் மாமாவும் பற்றையை வெட்டினார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. மேசன் வேலை செய்பவர். கையில் எப்போதும் ஒரு பீடி இருக்கும், அது பெரும்பாலும் அணைந்திருக்கும். அம்மா வேறு எதையும் பார்க்காமல் நேராகக் குசினி மூலைக்குப் போய்ச் சருகையும் சாம்பலையும் கையாலேயே ஒதுக்கினார். கால் இருந்தது. குதிக்கால் ஆழமாகவும், விரல்கள் ஐந்தும் தனித்தனியாகவும், சுண்டுவிரல் மட்டும் பக்கத்து விரலின்மேல் கொஞ்சம் ஏறியும் இருந்தன.

நான் என் காலை அதற்குள் வைத்துப் பார்த்தேன். கொள்ளவில்லை. "நான் வளந்திட்டன்" என்று அறிவித்தேன். ஒருவரும் மறுக்கவில்லை.

அந்த நிலத்தின்மேலேயே தகரமும் தறப்பாளும் வைத்து ஒரு கொட்டில் அடித்தோம். ஒடுங்கின கொட்டில். பாய் விரித்தால் நடக்க இடமில்லை. அப்படியிருந்தும் அந்த மூலையில் அம்மா ஒரு பானைகூட வைக்கவிடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வீடு கழுவும்போது முதலில் அந்த மூலைக்குத்தான் தண்ணீர் விழும். ஒரு பிள்ளையை இவ்வளவு மதிக்கும் தாய் ஊரில் வேறு யாருக்கு வாய்த்திருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எனக்கு முன் ஒரு அண்ணா பிறந்து, நான் தவழத் தொடங்குவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தது அவ்வளவுதான். அவனுடைய படம் ஒன்று சட்டம் போட்டு இருந்ததாம். இடம்பெயர்ந்து ஓடிய ஓட்டத்தில் அதுவும் எங்கோ விழுந்துவிட்டது. வீட்டில் அவனைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. கதைக்காத ஆளைப் பற்றி நானும் யோசிப்பதில்லை.

வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டக் கொடுக்கும் வீட்டுத்திட்டம் வந்தது எனக்கு எட்டு வயதாக இருந்தபோது. எங்கள் பெயரும் அதில் இருந்தது. அப்பா சைக்கிளில் வந்து அதைச் சொன்னபோது அம்மா சிரித்தார். அத்திவாரத்துக்கு அளவு பார்க்க மாமா கயிற்றோடு வந்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது.

பழைய நிலம் வெடித்துவிட்டது, அதை முழுக்க உடைத்து எடுத்துவிட்டுத்தான் அத்திவாரம் வெட்ட வேண்டும் என்றார் மாமா.

"குசினியை விட்டிட்டுக் கட்டு" என்றார் அம்மா.

"அக்கா, திட்டத்து வீட்டுக்கு அளவு ஒண்டுதான். அதை நான் மாத்தேலாது."

"அப்ப அங்கால தள்ளிக் கட்டு."

"அங்கால பள்ளம். மாரிக்கு வாய்க்கால் நிரம்பினா தண்ணி அங்கதான் வந்து நிக்கும். உங்களுக்குத் தெரியாததே?"

அம்மா அடுப்பை ஊதப் போய்விட்டார். மழைக்கு முன் அத்திவாரம் போடாவிட்டால் எங்கள் பெயர் அடுத்த முறைக்குத் தள்ளப்படும் என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த முறை என்று ஒன்று வருமா என்று சொல்ல ஒருவரும் இல்லை. பக்கத்துக் காணியில் சுவர் யன்னல் மட்டத்துக்கு உயர்ந்துவிட்டது. எங்கள் காணியில் இறக்கிய கல்லும் மணலும் அப்படியே கிடந்தன. மணல் குவியலில் பூனை குட்டி போட்டது. மாமா வந்து வந்து பார்த்துவிட்டு, பீடியைக் கொளுத்த மறந்து திரும்பிப் போவார்.

இந்தப் பிரச்சினைக்கெல்லாம் காரணம் என் கால் என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனால் வீடும் வேண்டும். யன்னல் வைத்த அறையில் படுக்கலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். ஆகவே ஒரு மாலை, அம்மாவும் அப்பாவும் மாமாவும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பெரிய மனது வைத்து நானே அதைத் தீர்த்துவைக்கப் பார்த்தேன்.

"அம்மா, அது என்ர கால்தானே. நான் சொல்லுறன், உடைக்கட்டும். எனக்குத்தான் ரெண்டு கால் இருக்கே."

மாமா வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா தேநீரை வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு எழுந்து போனார். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னை இழுத்துத் தன் முழங்காலுக்கிடையில் இருத்தி, வாரத் தேவையில்லாத தலையை வாரத் தொடங்கினார்.

"ஓம்" என்றார். "உனக்கு இருக்கு."

மாமா போகப் புறப்பட்டபோது அம்மா கூப்பிட்டார். "தம்பி, அந்தத் துண்டை மட்டும் சதுரமா வெட்டி எடுக்கேலுமோ?"

"உளியால மெல்ல மெல்ல வெட்டிப் பார்க்கலாம், அக்கா."

"அப்ப நாளைக்கு வா."

ஆக, என் பேச்சு பலித்துவிட்டது.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் சித்திர ரீச்சர் வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்து, காகிதத்தில் குத்திக் காட்டினார். குத்துகிற இடமெல்லாம் பூ பூத்தது. வீட்டில் இருக்கிற எதையாவது இப்படிப் பதித்துக்கொண்டு வாருங்கள் என்றார். ஒருத்தி சீப்பு என்றாள், ஒருத்தன் சோடாப் போத்தல் மூடி என்றான். நான் எழுந்து நின்று, "என்ர சின்ன வயசுக் கால்" என்றேன். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வயலில் களை பிடுங்கப் போயிருந்தார். அப்பாவும் இல்லை. சட்டியின் அடியில் இருந்த கரியைச் சுரண்டித் தேங்காயெண்ணெயில் குழைத்து, அந்தக் கால் குழிக்குள் விரல் விரலாகப் பூசினேன். பதிப்பதற்குக் காகிதம் வைத்துப் பார்த்தேன். குழிக்குள் இறங்காமல் கிழிந்தது. துணிதான் சரி. கொட்டிலில் இருந்த துணிகள் எல்லாம் பூப்போட்டவையும் கோடு போட்டவையும். வெள்ளையாக இருந்தது ஒன்றே ஒன்று. அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சீருடைத் துணி, தைக்கக் கொடுப்பதற்காக மடிப்புக் கலையாமல் தகரப் பெட்டிக்குள் இருந்தது.

ஓரத்தில் சின்ன இடம்தானே என்று நினைத்துத்தான் விரித்தேன். துணியைக் கொஞ்சம் நனைத்துக் குழிக்குள் வைத்து, குதிக்காலை என் கைமுட்டியாலும் விரல்களை ஒவ்வொன்றாகப் பெருவிரலாலும் அழுத்தினேன். தூக்கிப் பார்த்தேன். கால் அப்படியே வந்திருந்தது. குதிக்காலில் இருந்த சின்ன வெடிப்பு, சீமெந்தில் ஒட்டியிருந்த மணல், மேலே ஏறின சுண்டுவிரல் எல்லாம். யாரோ இப்போதுதான் கரியில் நடந்து வந்து துணியில் ஏறி நிற்பதுபோல இருந்தது. அது என் வாழ்க்கையில் நான் செய்த எதையும்விட நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் மிச்சத் துணியைப் பார்த்தேன். என் கை பட்ட இடமெல்லாம் கரி. சட்டை தைக்க இனி அதில் ஒன்றும் மிஞ்சாது. சவர்க்காரம் போட்டு ஒரு மூலையைக் கழுவிப் பார்த்தேன். இன்னும் பரவியது. துணியைச் சுருட்டி நெல்லு மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன். குழியைப் பழந்துணியால் துடைத்துவிட்டேன்.

மாமா உளியோடும் அலவாங்கோடும் வந்தபோது அம்மாவும் அப்பாவும் வந்துவிட்டார்கள். மாமா கரித்துண்டால் காலைச் சுற்றி ஒரு சதுரம் கீறினார். குழிக்குள் கறுப்பாக இருப்பது பற்றி யாரும் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாக வேலை செய்கிற மாமாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தட்டுவார், ஊதுவார், தடவிப் பார்ப்பார், மறுபடி தட்டுவார். நாலு பக்கமும் வெட்டு விழுந்தது. அப்பா ஒரு பக்கம் கையை வைத்துக்கொண்டார். மாமா அலவாங்கை அடியில் கொடுத்து நெம்பினார்.

அடியில் எறும்பு மண்ணை அரித்து வெறுமையாக்கி வைத்திருந்தது. சதுரம் ஒரு கையளவு எழும்பியது. பிறகு குதிக்காலுக்குக் குறுக்கே ஒரு கோடு ஓடியது. அடுத்த கணம் எல்லாம் துண்டு துண்டாக உள்ளே விழுந்தன.

மாமா அலவாங்கை விடாமல் அப்படியே குந்தியிருந்தார். "அக்கா" என்றார்.

அம்மா துண்டுகளைப் பொறுக்கி மடியில் போட்டு, ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்த்தார். இரண்டு விரல் பொருந்தியது. மற்றது கையிலேயே உதிர்ந்து மணலாகப் போனது. "சரி விடு, தம்பி. நீ என்ன செய்வாய்" என்றார். அழவில்லை. மடியில் இருந்ததைக் கொட்டவும் இல்லை.

எனக்கு மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என்னைப் பற்றிய கவலையும் இருந்தது. துணி எப்படியும் ஒரு நாள் அகப்படும், அடியும் விழும். அம்மா ஏற்கெனவே துக்கமாக இருக்கிறார். இன்றைக்கே அதுவும் விழுந்து முடிந்தால் எல்லாம் ஒரே நாளோடு போய்விடும் என்று கணக்குப் போட்டேன். நெல்லு மூட்டைக்குப் பின்னால் போய்த் துணியை எடுத்துவந்து அம்மாவுக்கு முன்னால் விரித்துவிட்டு, உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

அம்மா துணியைப் பார்த்தார்.

"இது ஆர் செய்தது?"

"நான்தான். ரீச்சர் கேட்டவா. அது என்ர கால்."

அம்மா மடியைக் கவனமாக இறக்கி வைத்துவிட்டு எழுந்து கிணற்றடிக்குப் போனார். தடி முறிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கையைக் கழுவி, சேலையில் துடைத்து, ஈரம் போய்விட்டதா என்று பார்த்து, மறுபடி துடைத்துக்கொண்டு வந்தார். துணியை எடுத்துத் தன் மடியில் விரித்தார். அந்தச் சுண்டுவிரலுக்கு மேலே, படாமல், விரலைக் கொண்டுபோனார்.

"கரியை என்னத்தோட குழைச்சனீ?"

"தேங்காயெண்ணெய்."

"கழுவினாலும் போகாதோ?"

பொய் சொல்வதா உண்மை சொல்வதா என்று தெரியவில்லை. "போகாது அம்மா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நல்லது" என்றார் அம்மா.

அடுத்த நாள் விடிந்ததும் மாமா நிலத்தை உடைக்கத் தொடங்கினார். முதல் மழைக்கு முன் அத்திவாரம் முடிந்தது. ஆனால் என் துணியை அம்மா பள்ளிக்கூடத்துக்குத் தரவில்லை. ரீச்சருக்கு நான் இன்னொரு வெண்டிக்காய்ப் பூவைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. வகுப்பில் எல்லோரும் பளிச்சென்று புதுச் சட்டை போட்டு வர, நான் பழைய சட்டையின் மடிப்பை அவிழ்த்து இறக்கிப் போட்டுக்கொண்டு அந்த வருடத்தை ஓட்டினேன். என் காலில் வைத்த பாசத்தில் பாதியை என் சட்டையில் வைத்திருக்கலாம் என்று எனக்கு மனத்தாங்கல்.

வீடு எழும்பிக் குசினிக்குச் சீமெந்து பூசின அன்று அம்மா என்னைக் கூப்பிட்டு, என் கணுக்காலைப் பிடித்து, ஈரத்தில் வைத்து அழுத்தினார். "ஏற்கெனவே ஒண்டு இருக்குத்தானே அம்மா" என்றேன். "இதையும் வை" என்றார். துணிக்குக் கண்ணாடி போட்டு முன் அறையில் மாட்டினார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் நான் அதைக் காட்டி என் கால் என்று சொல்வேன். அம்மா அவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுப்பார்.

எனக்குப் பத்தொன்பது வயதாகி, யாழ்ப்பாணத்துக்குச் சித்திரம் படிக்கப் போகவிருந்த நேரம். மாமா விருந்துக்கு வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டே பழைய வீட்டுக் கதை சொன்னார். சீமெந்து கிடைப்பது அந்தக் காலத்தில் எவ்வளவு பாடு, ஒரு மூட்டைக்கு எத்தனை பேரிடம் போய் நின்றார் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

"குசினி நிலம் போடேக்க கொம்மாவுக்கு நிறைமாதம். உன்னை வயித்தில வைச்சுக்கொண்டுதான் எனக்குத் தண்ணி அள்ளித் தந்தவா."

சொல்லிவிட்டு மாமா சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தார். அப்பா கை கழுவ எழுந்தார். நானும் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். வயிற்றில் இருந்த பிள்ளை நிலத்தில் கால் வைத்திருக்க முடியாது என்பது மெல்லத்தான் எனக்குள் இறங்கியது.

மாமா போன பிறகு, வெயிலில் நெல்லுக் கிளறிக்கொண்டிருந்த அம்மாவிடம் போனேன். நான் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றேன். அவருக்கு விளங்கியது.

"நீ சின்னப்பிள்ளை, கேட்டனீ. கொப்பர் ஓம் எண்டிட்டார்" என்றார். "எனக்கு முதல் கோவம்தான். பிறகு பார்த்தா, நீ என்ர கால் என்ர கால் எண்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடித் திரியிறாய். அவனைப் பற்றி வீட்டில சிரிச்சுக் கதைச்ச ஆள் நீ ஒருத்திதான். இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

அன்றைக்குத்தான் அம்மா எனக்கு அண்ணாவைப் பற்றிச் சொன்னார். நெல்லை இடமும் வலமும் காலால் தள்ளிக்கொண்டே, நிறுத்தாமல் சொன்னார். அவனுக்குச் சுண்டுவிரல் பிறந்ததிலிருந்தே அப்படித்தானாம். வாழைப்பழத்தைத் தோலோடு தின்பானாம். அந்தக் கால்கூட யாரும் ஆசைக்கு வைத்த கால் இல்லை. கோழியைத் துரத்திக்கொண்டு ஓடிவந்தவன் ஈரச் சீமெந்தில் ஒரு காலை வைத்துவிட்டான். சொல்லும்போது அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. நானும் சிரித்தேன்.

"நல்ல நிலத்தைப் பழுதாக்கிப்போட்டான் எண்டு அண்டைக்கு அவனுக்கு ஒரு அடி போட்டனான்" என்றார் அம்மா. பிறகு குனிந்து, நெல்லுக்குள் கிடந்த ஒரு கல்லை எடுத்து எறிந்தார்.

நல்ல துணியைப் பழுதாக்கிவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு நின்ற எனக்கு அடி விழவில்லை. அம்மாவுக்கு என் அச்சு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று அந்த எட்டு வயதில் நான் நினைத்தேன்.